நெற்பயிரில் துத்தநாகக் குறைவும் அதன் பரிகாரமும்

நட்ட மூன்றாம் வாரத்தில் நெற்பயிர் வெளிறிக் காணப்பட்டால், குடியானவர்கள் உடனே யூரியாவை வாங்கி வீசுவது பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. தழைச்சத்துக் குறைவே காரணமாயின் பயிர் சில தினங்களில் பசுமையடையும். காரணம் வேறாயின் உரத்துக்குக் கொடுத்த பணம் வீண். அதனினும் மேலாகத் தூர் கட்டும் பருவமும் கைநழுவிப் போகும். ஆதலால் பயிர் காட்டும் அடையாளங்களை இன்னவையென்று அறிந்து கொள்ளுதல் அவசியம்.

தழைச்சத்தும் சாம்பல்சத்தும் பயிருக்குள் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லக்கூடியவை. அவை குறைந்தால், பயிர் முதிர்ந்த இலைகளிலுள்ளதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலைகளே முதலில் கெடும். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை நுனியிலிருந்து மஞ்சளிக்கும். சாம்பல்சத்துக் குறைந்தால் இலை நுனியும் ஓரமும் காயும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம் பெயராது; அது குறைந்தால் குருத்திலையே வெளுக்கும்.

துத்தநாகக் குறைவு நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வெளிப்படும். இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பாகத்தில் வெளுக்கும். கீழிலைகளில் துருவைப் போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். பயிர் குட்டையாய் நின்று, வயல் திட்டுத் திட்டாய்க் காணப்படும். வட இந்தியாவில் 'கைரா' நோய் என்று பெயர் பெற்றது இதுவே. அது கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறைவால் நேர்வது என்பதை 1966-ல் பந்த்நகரில் டாக்டர் ஒய். எல். நேனே விளக்கினார்.

களர் நிலம், சுண்ணாம்பு மிகுந்த நிலம், ஓயாமல் நீர் தேங்கும் நிலம் ஆகியவற்றில் இக்குறை அதிகம். மணிச்சத்து உரத்தை அளவு மீறி இடுவதாலும் இது நேரும். இந்நிலங்களில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்கு எட்டாத நிலையில் இருக்கும்.

பரிகாரம் யாதெனில், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, வயலை மட்டப்படுத்திய பின், நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவ வேண்டும். இதனைச் சூப்பர் பாஸ்பேட்டுடன் கலத்தல் கூடாது. கலந்தால் துத்தநாகம் கரையாத பொருளாக மாறிவிடும்.

நின்ற பயிரில் குறை கண்டால், ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, தனியே கரைத்து வடிகட்டிய அரைக் கிலோ நீற்றிய சுண்ணாம்பின் தெளிவைச் சேர்த்துத் தெளிக்கலாம். சுண்ணாம்பு சேராவிடில் இலை கருகக்கூடும். பத்து தினங்கள் கழித்து மறுமுறை தெளிக்கவும். தேங்கிய நீரைச் சில தினங்கள் வடித்து வைப்பதும் நன்மை தரும்.

ஐயமுள்ளவர்கள் வயல் முழுவதற்கும் செலவழிக்க வேண்டியதில்லை. வரப்போரமாக ஒரு பாத்திக்கு மட்டும் தெளித்து, பக்கத்துப் பாத்தியுடன் பத்து நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிதாய் வரும் இலை பசுமையாயிருப்பின் குறை இன்னதென்று விளங்கிவிடும்.

கிராம அதிகாரிகள் தங்கள் எல்லையிலுள்ள களர் வயல்களின் மண்ணை நடவுக்கு முன்னரே பரிசோதனைக்கு அனுப்புமாறு நிலக்காரர்களைத் தூண்டுவார்களாயின், ஒரு போகத்தின் நஷ்டம் தவிரும்.