எந்த ஊரில் விமானம் மாறுவது?

விழுப்புரத்தில் ரயில் மாற வேண்டுமானால் யாரும் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. ஒரு ரயில் தவறினால் அடுத்தது வரும். அதுவரை பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர் கதை வேறு. நேர் விமானம் கிடையாது. நடுவழியில் எந்த ஊரில் மாறுவது என்று டிக்கெட் வாங்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். அதில் தவறு நேர்ந்தால் துண்டை விரிப்பதோடு விஷயம் முடிவதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று அவரும் அவர் மனைவியும் புறப்பட்டார்கள். இருபதாயிரம் ரூபாய் மிச்சமாகிறதே என்று, பாதி வழிக்கு ஒரு கம்பெனியிலும் மீதி வழிக்கு இன்னொரு கம்பெனியிலும் தனித்தனியாக டிக்கெட் வாங்கினார் ஆசிரியர். முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். அவர்கள் போய் இறங்கியபோது அடுத்த விமானம் பறந்துவிட்டது. "நீங்கள் நேரத்தில் வராததற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று இரண்டாவது கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒன்றரை நாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்து, புது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் பேரன் பிறந்துவிட்டான். மிச்சம் பிடித்த பணத்தைப் போல் ஏழு மடங்கு செலவு. பணம் போனதைக்கூட அந்த அம்மாள் பெரிதாகச் சொல்வதில்லை. "அந்தச் சமயத்தில் குழந்தையின் பக்கத்தில் நான் இல்லையே!" என்றுதான் இன்றைக்கும் குறைப்படுகிறார்.

ஒரே டிக்கெட்

ஆகையால் முதலில் கவனிக்க வேண்டியது இது: சென்னை முதல் கடைசி ஊர் வரையில் ஒரே டிக்கெட்டாக, ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறிப் போனாலும், வேறு விமானத்தில் இடம் பிடித்துக் கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டுகளானால், நடு ஊரில் வெளியே வந்து பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியும் வரலாம். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும்!

காலும் முக்காலும்

1948-ஆம் வருஷம் ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டபோது, கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கித்தான் போயிற்று. இன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இறங்காமலே பறக்கிறார்கள். விமானத்துக்குச் சக்தி உண்டு. நம் முழங்காலுக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி ஆகிய ஊர்களுக்கு நாலு, நாலரை மணி நேரம். அங்கிருந்து நியூயார்க்குக்குச் சுமார் 14 மணி, ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குச் சுமார் 16 மணி. அதாவது, பிரயாணம் காலும் முக்காலுமாகப் பிரிகிறது. சிங்கப்பூர் வழியாகக் கிழக்கே போனாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். லண்டன், பிராங்க்பர்ட் வழியாகப் போனால் முதலில் பத்து, பதினொரு மணி. பிறகு நியூயார்க்குக்கு எட்டு, ஒன்பது மணி, ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குப் பதினொரு மணி. இது சரி பாதி.

இளைஞர்களுக்கு இதில் பெரிய வித்தியாசமில்லை. கால் வீங்குகிறவர்களுக்கும், ரத்தம் உறையும் உபாதை இருப்பவர்களுக்கும் ஒரேயடியாகப் பதினாறு மணி நேரம் உட்காருவது நல்லதல்ல. அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பாதி வழியை நாடுவதே உசிதம்.

எத்தனை மணி இடைவெளி?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் விமானம் மாறுவதற்குக் குறைந்தபட்ச நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி, ஒன்றே கால் மணி இருந்தால்கூட டிக்கெட் விற்றுவிடுவார்கள். அது ஓடத் தெரிந்தவர்களுக்கான கணக்கு. லண்டன் ஹீத்ரோவில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு பஸ்ஸில் போய், மறுபடியும் சோதனைக்கு நிற்க வேண்டும். டில்லி வழியாகப் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரி மாதத்து மூடுபனியை மறக்கக்கூடாது. வயதானவர்களுக்கு மூன்று மணிக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். எட்டு மணியானால் அதுவும் அலுப்புத்தான்.

சக்கர நாற்காலி கேட்பதற்குச் சிலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கம் எதற்கு? புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைத்தால், பாஷை தெரியாத ஊரிலும் ஒரு மனிதர் வந்து அடுத்த விமானத்தின் வாசல் வரையில் கொண்டுபோய் விடுவார்.

விசாவும் பெட்டியும்

சில நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே இந்தியருக்கு விசா வேண்டும். பிரிட்டன் இதற்கு உதாரணம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு உண்டு. போகும்போது இதனால் தொல்லையில்லை. படிக்கப் போன பிள்ளைகள் சிலருக்கு அங்கே இருக்கும்போதே அமெரிக்க விசாவின் தேதி முடிந்துவிடும். அவர்கள் ஊர் திரும்பும்போதுதான் வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் வாங்கும் தினத்தன்று அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கேயே குடியேற்றச் சோதனை. பெட்டிகளையும் எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி ஒப்படைப்பதுதான் பொதுவான வழக்கம். ஆகவே மகன் சிறிய ஊரில் இருந்தால், அமெரிக்காவுக்குள்ளும் ஒரு தடவை மாறுவதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். அபுதாபியில் 2014 ஜனவரி முதல் அமெரிக்க அதிகாரிகளே இருந்து இந்தச் சோதனைகளை முடித்து அனுப்புகிறார்கள். அயர்லாந்தில் டப்ளின், ஷானன் நிலையங்களிலும் இந்த வசதி உண்டு. அங்கே ஏறியவர் அமெரிக்காவில் உள்நாட்டுப் பிரயாணியைப் போல இறங்கி நடக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம்: இட்லி மிளகாய்ப்பொடி! அமெரிக்கா செல்லும் விமானங்களில், கைப்பையில் 350 மில்லி லிட்டர் அளவுக்கு மேல் பொடி எதுவும் இருந்தால் தனிச் சோதனை உண்டு. சோதித்தும் தீரவில்லையென்றால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். பொடி டப்பாவைப் பெரிய பெட்டியில் வைப்பது புத்திசாலித்தனம்.

எந்த ஊரும் சாசுவதமல்ல

2024 ஏப்ரல் 16-ஆம் தேதி கொட்டிய பெருமழையில் துபாய் விமான நிலையம் வெள்ளக்காடாயிற்று. 2025 மார்ச் 21-ஆம் தேதி மின்சார நிலையம் ஒன்று தீப்பற்றியதால் ஹீத்ரோவே மூடிக் கிடந்தது. அதே வருஷம் ஜூன் 23-ஆம் தேதி ஏவுகணை பயத்தில் கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் அடைத்தது. எந்த ஊரையும் நம்பிச் சத்தியம் செய்ய முடியாது.

அதனால் டிக்கெட் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த ஊரிலிருந்து நான் போக வேண்டிய இடத்துக்கு ஒரு நாளில் எத்தனை விமானம்?" ஒன்றுதான் என்றால், தவறினால் ஒரு நாள் காத்திருப்பு. மூன்று, நாலு என்றால் அன்றைக்கே வழி பிறக்கலாம். மருந்து மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, காகிதத்தில் எழுதிய டெலிபோன் எண்கள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

எங்கள் தெரு ஆசிரியர் பேரனின் ஆண்டு நிறைவுக்கு மறுபடியும் அமெரிக்கா போகிறார். இந்தத் தடவை ஒரே டிக்கெட்; மூன்றரை மணி இடைவெளி; இருவருக்கும் சக்கர நாற்காலி. "வேறு வழியில் போனால் பதினைந்தாயிரம் மிச்சம் என்று ஏஜெண்ட் சொன்னான், ஸார். நான் வாயைத் திறக்குமுன் இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டேன்" என்றார்.

அம்மாள் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மிளகாய்ப்பொடி டப்பா பெரிய பெட்டியின் அடியில் இருந்தது.