ஓலைச்சுவடியும் நினைவகச் சில்லும்

நம் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. ஐயர் அவர்கள் 1942-இல் மறைந்தபின், அவர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த சுவடிகளைக் காக்கும் பொருட்டு, திருமதி ருக்மிணி தேவி அருண்டேல் 1943-இல் நிறுவிய நூல்நிலையம் அது. இக்கட்டுரை பென்டிரைவுக்குள் நடப்பதைப் பற்றியது. ஆயினும் ஓலைகளிலிருந்து தொடங்கினால் எளிதில் விளங்கும் என்று எண்ணுகிறோம்.

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும். நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே 'பால்' என்பதும் 'பரல்' என்பதும் ஓலையில் ஒரே வடிவம்தான். கண்ணகியின் சிலம்பில் இருந்தது எதுவென்று நமக்குத் தெரியும். கதை தெரியாத ஒரு செய்யுளில் என்ன செய்வது?

அங்கே யாப்பு கைகொடுக்கும். 'பால்' நேரசை, 'பரல்' நிரையசை. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரைதான் வரவேண்டும் என்று தமிழ் வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? முன்சீர் தேமாவாக இருந்தால் விடை 'பரல்' ஆகிவிடும். ஓசைக்காகப் புலவர் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் பிழை திருத்தும் கருவியாகிறது!

கணிப்பொறி வல்லுநர்கள் செய்வதும் இதுவே. செய்தியை 0, 1 என்னும் இலக்கங்களாக எழுதும்போது, கூடவே சில காவல் இலக்கங்களையும் ஒரு விதிப்படி சேர்த்துவிடுகிறார்கள். மிக எளிய விதி ஒன்றைப் பார்ப்போம்: நான்கு இலக்கங்களில் 1-இன் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டும். 1001 என்பது சரி. 1011 என்றால் எங்கோ பிழை.

பிழை எதில்? இங்குதான் விஷயமே இருக்கிறது. நினைவகச் சில்லில் 0, 1 என்று எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னேற்றம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நாளாக ஆக அது கசியும். வெப்பம் மிகுந்தால் விரைவாகக் கசியும். (நமது சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடக்கும் பென்டிரைவை நினைத்துக்கொள்ளுங்கள்.) இட நெருக்கடி வேறு: ஓர் அறையில் மூன்று இலக்கங்களை வைக்க எட்டு மட்டங்களும், நான்கை வைக்கப் பதினாறு மட்டங்களும் வேண்டும். மட்டங்கள் நெருங்க நெருங்க, பக்கத்து மட்டத்தோடு குழம்புவது எளிதாகிறது.

புரிவதற்காக, அறைக்கு ஓர் இலக்கம், அளவு 0 முதல் 10 வரை, 5-க்கு மேல் 1, கீழே 0 என்று வைத்துக்கொள்வோம். நான்கு அறைகளில் 9, 1, 6, 8 என்று இருக்கின்றன. உடனே தீர்ப்பு எழுதினால் 1011. பிழை உண்டு என்று தெரிகிறது. எது என்று தெரியவில்லை. 9-ம் 1, 6-ம் 1 என்று எழுதியபோதே, 6 எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்றது என்ற செய்தியைத் தூக்கியெறிந்துவிட்டோம். அதைக் கைவிடாமல் வைத்திருந்தால், சந்தேகத்துக்குரியது மூன்றாம் அறைதான் என்று கண்டு, அதை மாற்றி 1001 என்று படித்துவிடலாம். முன்னதை 'ஹார்ட் டெசிஷன்' என்றும், பின்னதை 'சாஃப்ட் டெசிஷன்' என்றும் சொல்கிறார்கள். கறாராக முடிவுகட்டுவது ஒன்று. ஐயத்தின் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது மற்றொன்று.

இத்துறையில் நம் நாட்டவர் பெயரும் உண்டு. கல்கத்தாவில் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்ற ராஜ் சந்திர போஸும், ரே-சவுத்ரியும் 1960-இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டனர். பிரான்சு நாட்டு ஓக்கெங்கெம் அதைத் தனியே 1959-இல் கண்டிருந்ததால், மூவர் முதலெழுத்தாலும் அது பி.சி.எச். எனப்படுகிறது. நினைவகச் சில்லுகளில் நெடுங்காலம் பணிபுரிந்தது அதுவே. மட்டங்கள் நெருங்கியபின், ஐயத்தை நன்கு பயன்படுத்தும் எல்.டி.பி.சி. முறை பல சில்லுகளில் அதன் இடத்தைப் பிடித்தது. அதை ராபர்ட் கேலகர் என்ற அமெரிக்கர் 1960-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அக்காலக் கருவிகளுக்கு அக்கணக்கு மிகப் பாரமாக இருந்ததால், 1990-கள் வரை அது பெரும்பாலும் மறந்து கிடந்தது. அதில் ஒவ்வோர் இலக்கமும் பல விதிகளில் பங்கு பெறும். விதிகள் தம் ஐயத்தை இலக்கங்களுக்குச் சொல்ல, இலக்கங்கள் திருத்திய ஐயத்தை விதிகளுக்குத் திருப்பிச் சொல்ல, பலமுறை பேசி ஒரு முடிவுக்கு வருகின்றன. நம் அண்டை வீடான ஐ.ஐ.டி.யில் இது பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. சில்லை ஒருமுறை படித்தால் 'எல்லைக்கு மேலா, கீழா' என்று மட்டுமே சொல்லும். ஐயத்தின் அளவை அறிய, எல்லைக்கோட்டைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி மீண்டும் மீண்டும் படிக்கவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே முதலில் சாதாரணமாகப் படித்து, திருத்த முடியாதபோதுதான் இந்த வேலையில் இறங்குவார்கள்.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 0 என்று எழுதிய அறை எக்காரணத்தாலோ 9 என்று காட்டினால், அது உறுதியான பொய். எளிய விதி அதில் ஏமாந்து, குற்றமற்ற பக்கத்து அறையை மாற்றிவிடும். சுவடிகளிலும் அப்படித்தான். ஓலை சிதைந்த இடத்தை அப்படியே விட்டுவைத்த ஏட்டாளரால் பெரிய கேடு இல்லை. தோன்றியதை அழகான கையெழுத்தில் நிரப்பி வைத்தவரே ஆபத்தானவர். ஐயர் அவர்கள் பல பிரதிகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதமாக அடிக்குறிப்பில் பதிப்பித்தார். தாம் தேர்ந்த பாடத்தோடு, தேராததையும் நமக்குக் கொடுத்தார்.

இன்று பல நூலகங்களில் ஓலைகளைப் படமெடுத்துக் கணிப்பொறியில் சேமிக்கிறார்கள். நம் வீட்டுப் புதுநன்மைப் படங்களும் அவ்வாறே சிறு சில்லுகளில் இருக்கின்றன. பல ஆண்டுகள் மின்சாரமே காணாமல் பீரோவில் கிடக்கும் சில்லில் கசிவு நடந்துகொண்டேயிருக்கும். அவ்வப்போது கணிப்பொறியில் செருகி, படங்களை வேறொரு புதிய சில்லுக்கும் பிரதியெடுத்து வைப்பது நலம். ஓலை செல்லரிக்குமுன் புது ஓலையில் படியெடுத்தார்களே, அதே வேலைதான்.