ஊன்றுகால்

முதல் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துத் தொடர் 2014-இல் நடந்தது. அதில் சென்னையின் எஃப்.சி. அணிக்காக 8 கோல் அடித்துத் தங்கக் காலணியைப் பெற்றவர் பிரேசிலின் எலானோ. முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துவதும், வாய்ப்பு வந்தால் கோலாக்குவதும் அவர் வேலை. நின்ற பந்தை அடிப்பதில்தான் அவரது கைத்திறன், இல்லை, கால்திறன் முழுதாகத் தெரியும்.

அவர் பிறந்தது 1981 ஜூன் 14, சாவ் பாவ்லோ மாநிலத்தின் இராசெமாபொலிஸ் என்ற சிற்றூரில். குவாரானி அணியில் தொடங்கி, ஒரு காலத்தில் பெலே ஆடிய சாண்டோஸ் அணிக்கு 2001-இல் போனார். ரொபினியோவும் டியேகோவும் அங்கே உடன் ஆடினார்கள். 2002, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாண்டோஸ் தேசிய வாகையர்.

2005-இல் உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க் அணிக்கும், 2007-இல் மான்செஸ்டர் சிட்டிக்கும் மாறினார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று நியூகாசில் அணிக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக்கை இன்றும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

அந்த வகை அடி உருவாகும் முறை இது. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். முதலில் பந்தை வைத்து, அது உருளாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எதிரணியினர் 30 அடி தள்ளிச் சுவராக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள கோல். அடிப்பவர் மூன்று நான்கு எட்டு பின்வாங்கிச் சாய்வாக ஓடி வருகிறார். வலக்காலால் அடிப்பவர் என்றால், இடக்காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு சாண் விட்டு ஊன்றுகிறார். அதன் பிறகே வலப்பாதத்தின் உட்பக்கம் பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகிப் படுகிறது. பந்து சுழல்கிறது, ஒரு பக்கம் காற்றின் அழுத்தம் குறைய, பறக்கும் வழி வளைகிறது. எல்லோரும் அடிக்கிற காலைப் பார்க்கிறோம். வேலையின் பாதி ஊன்றுகாலில் முடிந்துவிடுகிறது.

2009-இல் துருக்கியின் கலாத்தசராய். 2010 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு எதிராக ஒன்று, ஐவரி கோஸ்டுக்கு எதிராக ஒன்று என இரண்டு கோல். அந்த இரண்டாம் ஆட்டத்தில் பட்ட அடியோடு அவரது உலகக் கோப்பை முடிந்தது. அதன்பின் சாண்டோஸுக்கே திரும்பி, நெய்மாருடன் 2011 லிபர்ட்டடோரஸ் கோப்பையை வென்றார்.

அதே ஆண்டு ஜூலை 17, அர்ஜென்டினாவின் லா பிளாட்டா. கோபா அமெரிக்காவில் பராகுவேக்கு எதிரான பெனால்டி முறை. பெனால்டிப் புள்ளியைச் சுற்றிப் புல் பெயர்ந்து மண் இளகிக் கிடந்தது. முதலில் அடித்த எலானோவின் பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போயிற்று. பிரேசில் அடித்த நான்கில் ஒன்றுகூடக் கோல் ஆகவில்லை.

கிரேமியோ, ஃப்ளமெங்கோ அணிகளைக் கடந்து 2014-இல் சென்னைக்கு வந்தார். பயிற்சியாளர் மார்கோ மடெராஸ்ஸி. அக்டோபர் 15 அன்று கோவாவின் ஃபடோர்டாவில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். சென்னை 2–1 என வென்றது. அடுத்த ஆண்டு சாண்டோஸுக்குப் போய், மீண்டும் சென்னைக்கு வந்தார். 2015 கோப்பை சென்னைக்குக் கிடைத்தது. 2016-இல் சாண்டோஸ் சட்டையோடுதான் ஓய்வு.

எங்கள் வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8-இல் திருவிழாக் கொடி இறங்கிக் கூட்டம் வடிந்த பிறகு, கடற்கரை பந்தாடும் பையன்களுக்குக் கிடைக்கிறது. சம்பா நட்ட வயலில் தண்ணீர் நிற்பதால் அக்டோபரில் ஆட வேறு இடம் இல்லை. நட்ட குச்சி இரண்டு கோலாகிறது. செருப்பு வரிசை சுவராகிறது. சென்ற ஆண்டு ஒரு மாலையில் பத்து வயதுப் பையன் ஒருவன் காய்ந்த மணலில் பந்தை வைத்து இரண்டு முறை அடித்தான். இரண்டு முறையும் இடக்கால் கணுக்கால்வரை புதைந்தது. பந்து குச்சிகளுக்கு மேலே போயிற்று. மூன்றாம் முறை பந்தை எடுத்துக்கொண்டு, அலை அப்போதுதான் நனைத்துவிட்டுப் போன கெட்டி மணலுக்கு இறங்கினான். செருப்புகளைத் தானே நகர்த்திவைத்தான். பந்தின் இடப்பக்கம் குதிகாலால் மூன்று முறை மிதித்துப் பார்த்தான். நான்கு எட்டு பின்னால் போனான்.