கவனத்தை அளக்கும் கோல்

சிவகாசி என்றதும் நமக்குத் தீபாவளி நினைவு வருகிறது. மத்தாப்பும் புஸ்வாணமும் கண்முன் சுடர் விடுகின்றன. அந்தப் புஸ்வாணத்துக்குள் மருந்தைச் செலுத்துகிறவர்களுக்கோ, அன்றாடம் மறவாதிருக்க வேண்டியது கவனம் ஒன்றே. கந்தகமும் அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்து, உராய்வு சற்று மிகுந்தால் தீப்பற்றிக் கொள்ளும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மறுபடியும் பல குடும்பங்கள் கதறின. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "தொழிலாளியின் கவனக் குறைவுதான் காரணம்" என்று காப்பியைப் பருகியபடியே நம்மில் பலர் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு நியாயமானதா? கவனத்தை அளந்து பார்த்த மனோதத்துவ அறிஞர்களைக் கேட்போம்.

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிலையம் 2004-இல் பரீட்சைத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. எண்கள் நெருக்கமாக அச்சிட்ட தாளில் குறிப்பிட்ட இரண்டு எண்களை மட்டும் தேடி அடித்துக்கொண்டே போக வேண்டும். இது கவனத்தின் அளவு. 15 சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது ஞாபகத்தின் அளவு. மூன்றாவது வேடிக்கையானது. 'சிவப்பு' என்னும் சொல் பச்சை மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைக் கூற வேண்டும். நாக்கு முந்திக்கொண்டு 'சிவப்பு' என்னத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதே பரீட்சை. 1935-இல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்கர் பிரசுரித்த முறை இது.

வயதையும் படிப்பையும் பார்த்தே மதிப்பெண்ணை எடை போட வேண்டும் என்பது நிம்ஹான்ஸ் அறிஞர்கள் வகுத்த விதி. பள்ளியையே காணாதவரைக் கல்லூரியில் படித்தவரோடு ஒப்பிட்டு 'மந்தம்' என்று முத்திரை குத்துவது அறிவாகுமா?

இனி, கவனம் எவ்வளவு நேரம் நிலைக்கும்? கேம்பிரிட்ஜில் மாக்வொர்த் என்பவர் 1948-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. கடிகாரம் போன்ற முகத்தில் முள் ஒன்று விநாடிக்கு ஒரு முறை நகரும். எப்போதாவது இரண்டு மடங்கு தாவும். அந்தத் தாவலைக் கண்டு சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்த வாலிபர்களே அரை மணி நேரத்துக்குப் பின் பல தாவல்களைத் தவறவிட்டார்கள். இடையில் ஓய்வு கொடுத்தபோதோ கவனம் மீண்டது!

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களில் ஒருசேரக் கருத்தைச் செலுத்திச் சபையைப் பிரமிக்க வைத்தார். அது அருந்திறன், ஓர் அமர்வுக்கு உரியது. கரிசல் காட்டு வெயிலில், நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் அதை யாரிடம் எதிர்பார்க்கலாம்?

"அவசரப்படாமல் செய்யலாகாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு மிட்டாயை இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி, அவர்களுடைய பொறுமையை அளந்தார் அமெரிக்கரான மிஷெல். காத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் முன்னேறுவார்கள் என்று உலகம் நம்பியது. 2018-இல் வேறு அறிஞர்கள் விரிவாகச் சோதித்து, குடும்ப நிலையையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. இல்லாத வீட்டில், கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வதும் ஒருவகை விவேகமே. அவ்வாறே, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவரின் விரல்கள் விரைவதற்குக் காரணம் அடக்கமின்மை அன்று; அடுப்பில் ஏற வேண்டிய உலை.

ஆகவே, நேயர்களே, கவனத்தை அளக்கும் கோல் தொழிலாளியின் குற்றத்தைக் காட்டவில்லை. மனித சுபாவத்தின் எல்லையைக் காட்டுகிறது. கவனம் விளக்கின் எண்ணெய் போன்றது. எரிய எரியக் குறையும், ஊற்றினால் நிறையும். அந்த எண்ணெய்தான் ஓய்வு. மருந்து அறையில் எண்ணிக்கைக் கூலி வேண்டாம், நாட்கூலியே தகும். சிறுகச் சிறுக மருந்து, குறைந்த ஆட்கள், இடையிடையே ஓய்வு இவை இருந்தால், ஒரு கணம் கண் அயர்ந்தாலும் ஓர் உயிர் போகாது. அதற்காகப் பட்டாசின் விலை சிறிது ஏறினால், முகம் சுளிக்காமல் கொடுப்பது நம் வீட்டுக் கடமை.