மராமத்தா? மாற்றுவதா?

மூன்றாண்டு உழைத்த கைப்பேசியைக் கடையிலே நீட்டுகிறோம். “இது இனி ஆகாது, புதிது வாங்கிவிடுங்கள்” என்று தீர்ப்புக் கிடைக்கிறது. காலையில் ஏற்றிய சார்ஜ் நண்பகலில் தீர்ந்துவிடுகிறது. வேகமோ கட்டை வண்டி வேகம். ஆகவே தலையாட்டிவிடுகிறோம். பிறகு? கையிலே புதுக் கைப்பேசி. தலையிலே மாதத் தவணை! சம்பளம் வீடு வந்து சேருமுன்னே அதில் ஒரு பங்கு போய்விடுகிறது.

தலையாட்டுமுன் ஒரு கேள்வி கேட்போம்: கெட்டது எது? டயர் தேய்ந்தால் டயரை மாற்றுகிறோம், சைக்கிளையா தலைமுழுகுகிறோம்?

கைப்பேசியில் முதலில் முதுமை அடைவது பேட்டரி. சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கியபின் அதன் கொள்ளளவு குறைவது இயல்பு. அதை மட்டும் மாற்றினால் கருவி மீண்டும் உழைக்கும். பேட்டரி வீங்கியிருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது, தீப்பிடிக்கும்.

வேகம் குறைவதற்கும் பேட்டரி காரணமாகலாம். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது என்ன? பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்க, மென்பொருள் மூலம் தானே அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக! வாங்கியவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொன்னதா? இல்லை. கண்டனம் கிளம்பிற்று. 79 டாலராயிருந்த பேட்டரி மாற்றுக் கட்டணம் ஓராண்டுக்கு 29 டாலராக இறங்கிற்று. 2020-இல் பிரான்சு நாட்டின் நுகர்வோர் துறை 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. கேட்டதால் இறங்கிய விலை அது, கேட்காதிருந்தால்?

அப்படியானால் பழையதையே கட்டி அழவேண்டுமா? அதையும் நாம் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்ட கருவியில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது, பூட்டுப் பழுதான பெட்டியில் கூலியை வைப்பதற்கு ஒப்பாகும். அதற்குச் செலவழிப்பது வீண். திருத்தங்கள் வருகின்றனவா, பழுதுச் செலவு புதியதின் விலையில் பாதிக்குள் அடங்குகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மராமத்து, இல்லையென்றால் மாற்றம். இதுவே நம் கணக்கு.

ஆனால் உதிரிப் பாகமே கிடைக்காவிட்டால் கணக்குப் போட்டு என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் புது மாடல்களுக்கு, அவற்றை விற்பனைக்கு விடுவது நின்றபின்னும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கவேண்டும். 800 முறை சார்ஜ் ஏறியபின்னும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்சவேண்டும். இவை சலுகையல்ல, சட்டம்! இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. நல்லது. எனினும் இணையதளம் வழிதான் காட்டும்; கட்டுப்படுத்துவது சட்டமே. அதை நாம் கேட்டாக வேண்டும்.

காசு நம் வியர்வை. அதை எப்போது செலவழிப்பது என்று முடிவு செய்யவேண்டியவர் நாமா, விற்பவரா? சிந்திப்பீர், தோழர்களே!