கம்பியில்லாத் தொடரிற் செய்தியின் பயணம்

வெள்ளத்தாலோ நிலநடுக்கத்தாலோ தொலைபேசிக் கோபுரங்கள் வீழ்ந்துபட்ட ஓரிடத்தை மனத்திற் கொள்வோம். மீட்புப் பணியாளரின் சிறு வானொலிக் கருவிகள் அண்மையிலுள்ளவற்றோடு மட்டுமே பேசவல்லவை. எனினும், முதற் கருவி இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்குமாகச் செய்தியைக் கைமாற்றின், அது தொலைவிலுள்ள மருத்துவமனையைச் சென்றடையும். இதுவே பன்னிலைக் கம்பியில்லா வலையமைப்பு. 1970களிலேயே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் இவ்வகை அமைப்பொன்றைப் பரிசோதித்தனர். இத்தகைய தொடரை நம்பி உயிர்களை ஒப்படைக்குமுன் இரு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். செய்தி சென்றடைய எவ்வளவு நேரமாகும்? ஒரு செக்கனில் எத்தனை செய்திகள் சென்றடையும்? முன்னையது தாமதம், பின்னையது கடத்துவீதம்.

கடத்துவீதத்தை முதலில் நோக்குவோம். ஐந்து நிலையங்கள் ஒரே மீடிறனில் வரிசையாக உள்ளன எனக் கொள்க. முதலாவது இரண்டாவதற்கு அனுப்புகையில் இரண்டாவது வாய்திறத்தல் ஆகாது. மூன்றாவது பேசினாலும் அதன் அலைகள் இரண்டாவதன் செவியிற் புகுந்து செய்தியைக் குலைக்கும். செய்தியை விளங்கிக்கொள்ளக்கூடிய எல்லைக்கு அப்பாலும் அலைகள் இடையூறு விளைக்குமாதலின், நான்காவதும் மௌனமாயிருத்தல் வேண்டும். ஆகவே நால்வர்க்கு ஒருவரே ஒரு நேரத்திற் பேசலாம். நீண்ட தொடரொன்றின் கடத்துவீதம் தனியிணைப்பின் காற்பங்காகக் குறைந்துவிடுகின்றது. மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தார் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வழக்கிலுள்ள விதிகளின்படி இயங்கும் தொடர் அக்காற்பங்கையும் எய்தாது ஏறக்குறைய ஏழிலொரு பங்கையே தந்தது.

இனித் தாமதம். ஒரு நிலையம் செக்கனுக்குச் சராசரியாக 100 செய்திகளை அனுப்பவல்லது என்போம். செய்திகள் ஒழுங்கின்றி வந்து வரிசையிற் காத்திருக்கும். வரிசைக் கொள்கையின் எளிய மாதிரியின்படி, அனுப்பும் வீதத்திலிருந்து வரும் வீதத்தைக் கழித்து, எஞ்சியதால் ஒன்றைப் பிரித்தாற் சராசரித் தாமதம் கிடைக்கும். செக்கனுக்கு 50 செய்திகள் வரின் தாமதம் ஐம்பதிலொரு செக்கன். 90 வரின் பத்திலொரு செக்கன். 99 வரினோ முழுதாக ஒரு செக்கன்! அத்தகைய ஐந்து நிலையங்களைக் கடக்க ஐந்து செக்கன்கள் செல்லும். சுமை எல்லையை அணுகுங்கால் தாமதம் மெல்ல வளர்வதில்லை, பாய்ந்து உயர்கின்றது. மேலும், கம்பியில்லாத் தொடரில் ஒரு நிலையத்தின் வேகம் அயலவர் பேச்சைப் பொறுத்தது. ஒரு வரிசை மற்றைய வரிசைகளையும் நீளச்செய்கின்றது. மாதிரி அமைப்போர் எதிர்நோக்கும் பெரும் இடர் இதுவே.

ஊர் கூடித் தேர் இழுத்தல் நன்று. ஆயின் ஊர் கூடி ஒரே வெளியிற் பேசின் எவர் சொல்லும் விளங்காது. பியூஷ் குப்தாவும், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற பி. ஆர். குமாரும் 2000 ஆம் ஆண்டில் இதனைக் கணிதமுறையால் நிறுவினர். நிலையங்களை எவ்வளவு சிறப்பாக ஒழுங்குபடுத்தினும், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு அவற்றின் தொகையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறையும். நிலையங்கள் நான்கு மடங்கானாற் பங்கு பாதியாகும். குரொஸ்குளோசரும் டேவிட் சேயும் 2002 இல் இதற்கொரு மாற்றுவழி காட்டினர். நடமாடும் கருவி செய்தியைச் சுமந்துசென்று, பெறுநரை அணுகியபின் ஒப்படைக்குமாயின் பங்கு குறையாது. ஆனால் அச்சந்திப்பு நேரும்வரை செய்தி காத்திருத்தல் வேண்டும். கடத்துவீதத்தில் ஈட்டியதைத் தாமதத்தில் இழக்கின்றோம்.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? இடைநிலையங்களை இயன்றவரை குறைத்தல் வேண்டும். சுமையை எல்லைக்கு மிகக் கீழே நிறுத்தல் வேண்டும். உயிர்காக்கும் செய்திக்கு வரிசையில் முதலிடம் அளித்தல் வேண்டும். கருவியின் மேலட்டையிற் பொறித்துள்ள வேகத்தை மட்டும் கண்டு திட்டமிடுவோன் இடர்வேளையில் ஏமாற்றமடைவான். வரிசையின் இயல்பைக் கணித்தறிந்தவனோ எவ்வளவு பளுவை அத்தொடர் தாங்குமென முன்னரே அறிந்து, அதற்கேற்ப ஆயத்தமாவான்.