தாதியின் பாடம், தாய்க்கும் வேண்டும்

வயிற்றோட்டத்தில் பிள்ளையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. தாதிப் பரீட்சைக்குப் படிப்போர் மறக்கக்கூடாத பாடம் இது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தொலைவில், மடுல்சீமைத் தோட்டங்களில் வாழும் தாய்மாருக்கு இன்னும் அவசியம்.

கண் குழிவிழுந்துள்ளதா? தாகத்தால் தவிக்கிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே மீள்கிறதா? இவை நீரிழப்பின் அடையாளங்கள்.

வயிற்றோட்டம் தொடங்கியதுமே, ஜீவனிப் பக்கெற் முழுவதையும் அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

1971இல் மேற்கு வங்காள அகதி முகாமில் வாந்திபேதி பரவி, சேலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலையே உறவினர் கையால் கொடுக்கச் செய்தார். சுமார் 30 வீதமாயிருந்த மரணம் 4 வீதத்துக்கும் குறைந்தது.

பிள்ளை மயங்கினால், குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலும் குடிக்க முடிந்தால் ஊட்டுங்கள்.